இடது பக்கம் காலியான பிறகு

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளத்துக்குக் காத்து நிற்கையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன தங்கச்சி, ரேடியோவுல அவ்ளோ பேசுற, இங்க வாயத் திறக்காம நிக்கிற?" திரும்பினால், எங்கள் தோட்ட அணியின் பழைய கோல்கீப்பர். என் அண்ணனின் கூட்டாளி.

இப்போது லாரி ஓட்டுகிறார். கேமரன் மலைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் கோலாலம்பூர்ப் பயணம். மீதி நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி. "சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. பசங்க மொகமே சரியில்ல. வந்து நாலு வார்த்த பேசிட்டுப் போ" என்றார். என்ன விஷயம் என்று கேட்டால், இடது விங்கில் ஓடும் பையன் போய்விட்டானாம். பதறிவிட்டேன். பிறகுதான் புரிந்தது, நல்ல சேதி. மலைக்குக் கீழே ஒரு விளையாட்டுப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பையன் வீட்டில் ஒரே சந்தோஷம். அணி மட்டும் துக்க வீடு மாதிரி இருக்கிறது.

"அவன் போனதுலேர்ந்து ஒரு கோல் விழல. முன்னாடி நிக்கிற பையன் ஆட்டத்தையே மறந்துட்டான்" என்றார்.

இந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் தோட்டத் திடல் தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தியது. மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியாது. பந்து கீழே தேயிலைக்குள் உருண்டால் அடித்தவனே இறங்கி எடுத்து வர வேண்டும். அதனால் எங்கள் பையன்கள் கண்டபடி உதைக்க மாட்டார்கள், ஒழுங்காகப் பந்து கொடுக்கப் பழகியிருந்தார்கள். அண்ணன் முன்னணி ஆட்டக்காரன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திடலோரம் உட்கார்ந்து ஒரு பழைய பள்ளி நோட்டில் கோல் போட்டவர்கள் பெயரை எழுதி வைப்பேன். என் ஒலிபரப்புத் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அண்ணன் பெயர்தான்.

இடது பக்கம் ஓடியவரை நாங்கள் "குதிரை" என்று கூப்பிடுவோம். எஸ்.பி.எம். முடித்த கையோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த ஆட்டத்திலிருந்து என் நோட்டில் அண்ணன் பெயர் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், இல்லவே இல்லை. தோட்டத்தில் பேச ஆரம்பித்தார்கள். திமிர் வந்துவிட்டது என்றார் ஒருவர். இல்லை, காதல் வந்துவிட்டது என்றார் இன்னொருவர். அம்மா இரண்டாவதை நம்பி அண்ணனின் சட்டைப் பையெல்லாம் தேடினார். அண்ணன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு முடிவில் காலணியை எடுத்து மாடத்தில் போட்டவன், பிறகு விளையாடவேயில்லை.

என்ன நடந்தது என்பது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆனது. குதிரை பந்தோடு இடது ஓரம் பாய்ந்தால் எதிரணியின் வலது தற்காப்பு ஆட்டக்காரர் முன்னேறவே பயப்படுவார். அவரால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று நடுத்திடலிலிருந்து ஒருவர் துணைக்கு ஓடி வருவார். நடுவில் நிற்கும் தற்காப்பாளரும் அந்தப் பக்கமாக இரண்டு அடி சாய்வார். அந்த இரண்டு அடி இடைவெளியில்தான் என் அண்ணன் வாழ்ந்தான். குதிரை போன பிறகு துணைக்கு ஓடிய ஆள் நடுவிலேயே நின்றார், சாய்ந்தவர் நிமிர்ந்தார். வலது தற்காப்பாளரோ தைரியமாக ஏறி வந்து எங்கள் கோலை மிரட்டினார். அண்ணனின் கால் மாறவில்லை, அவனைச் சுற்றி இருந்த இடம் சுருங்கிப்போனது.

குதிரை அதிகம் கோல் போட்டவர் அல்ல. என் நோட்டில் அவர் பெயரைத் தேடினால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் கிடைக்கும். நான் எழுத வேண்டியதை எழுதவில்லை.

இதே விஷயத்தை 2024-இல் நாடே பார்த்தது. அந்த ஜனவரி 25-ஆம் தேதி இரவு உங்களுக்கு நினைவிருக்கும். கத்தாரில் ஆசியக் கிண்ணம். ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1 என்று தோற்று நம் கதை முடிந்திருந்தது. தென் கொரியாவும் ஒரு கோல் முன்னிலையில். 51-ஆவது நிமிடத்தில் ஃபைசால் ஹாலிம், உயரம் 160 சென்டிமீட்டர்கூட இல்லாத மனிதர், குறுகிய கோணத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்பினார். ஆட்டம் 3-3. ரோமெல் மொராலெஸ் கூடுதல் நேரத்தின் கடைசியில் போட்ட கோலுக்கு நான் கத்திய கத்தலில், மறுநாள் காலை நிகழ்ச்சியில் எனக்குக் குரலே இல்லை.

மே 5-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் ஃபைசால் மீது எரிதிராவகம் வீசப்பட்டது. நான்காம் நிலைத் தீக்காயம், ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சைகள். ஐந்து நாள் கழித்து ஜொகூர் டாருல் தாக்சிமுக்கு எதிரான சும்பாங்சே கிண்ண ஆட்டத்தில் இறங்க மாட்டோம் என்று சிலாங்கூர் விலகிக்கொண்டது. 0-3 தோல்வி என்று கணக்கு வைத்தார்கள். அந்த முடிவைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கூட்டாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, யாரை எங்கே நிறுத்துவது என்று பயிற்றுநர் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

தேசிய அணி விலக முடியாது. ஜூன் மாதம் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் பாக்கி. பிஷ்கேக்கில் கிர்கிஸ்தானுடன் 1-1. புக்கிட் ஜாலிலில் சீன தைப்பேயை 3-1 என்று வென்றோம். கடைசிக் கணக்கில் கிர்கிஸ்தானுக்கு 11 புள்ளி, நமக்கு 10. ஒரே ஒரு புள்ளியில் வெளியே. ஃபைசால் இருந்திருந்தால் என்று அன்றிரவு என் நிகழ்ச்சிக்கு அழைத்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் அந்தத் தாக்குதலுக்கு முன்பே, மார்ச்சில், ஓமானிடம் இரண்டு முறையும் 0-2 என்று ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றிருந்தோம். ஒருவர் இல்லாததை எல்லாவற்றுக்கும் காரணமாக்கினால் மற்றவர்களின் ஓட்டை அதில் மறைந்துவிடும்.

பிரேசிலின் 2014 இதற்குப் பெரிய சாட்சி. காலிறுதியில் கொலம்பியா ஆட்டக்காரரின் முழங்கால் பட்டு நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு. நான்கு நாள் கழித்து ஜெர்மனியுடன் அரையிறுதி. தேசிய கீதத்தின்போது நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அரை மணி நேரத்துக்குள் ஐந்து கோல் வாங்கினார்கள், முடிவு 1-7. நெய்மார் தாக்குதல் ஆட்டக்காரர். அவர் இல்லாவிட்டால் கோல் போடுவது குறையலாம், ஏழு வாங்குவானேன்? அன்று தடை காரணமாக ஆடாத இன்னொருவர் அணித்தலைவர் தியாகோ சில்வா, தற்காப்பின் தூண். அவர் சட்டையை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.

அதே பிரேசில் 1962-இல் சிலியில் வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. எனவே அன்று முழுக்க நொண்டிக்கொண்டே திடலில் நின்றார், அதோடு அவருடைய உலகக் கிண்ணம் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்துக்கு வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தார். ஆனால் அணியின் பாரம் அவர் தலையில் விழவில்லை. அது வலது ஓரத்தில் இருந்த கரிஞ்சாவிடம் போனது. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, சிலிக்கு எதிராக இரண்டு. கிண்ணத்தோடு ஊர் திரும்பினார்கள். பெலே ஆடிய ஆட்டத்தை யாரும் ஆடவில்லை, அணியே வேறு ஆட்டம் ஆடியது.

இதையெல்லாம் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை மாலை திடலுக்குப் போனேன். இடது பக்கம் புதிதாக ஒரு சின்னப் பையன். பந்து அவனிடம் போகும் ஒவ்வொரு தடவையும் கோல்கீப்பர் அண்ணன் கத்தினார்: "அவன் எப்படி ஓடுவான், பார்த்திருக்கல்ல? அது மாதிரி ஓடு!" பையன் ஓடினான், தடுக்கினான், பந்து தேயிலைக்குள் போனது. இறங்கி எடுத்து வந்தான். மறுபடியும் அதே கத்தல். நான் நாலு வார்த்தை பேசவில்லை. கைப்பேசியை எடுத்து ஈப்போவில் இருக்கும் என் அண்ணனை அழைத்து அவர் கையில் கொடுத்தேன்.

இருவரும் பேசி எத்தனையோ வருடம். நலம் விசாரிப்பு அரை நிமிடம், சண்டை இருபது நிமிடம். எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். "அப்ப யார ஓட விடறது?... வலது பக்கமா? அவன் பேக்குடா!... சரி... சரி, அந்தப் பொடியன பந்து வந்தா ஒடனே நடுவுல குடுத்துறச் சொல்றேன்... டேய், அப்ப உன்ன யாரும் திட்டல, நீயா நெனச்சிக்கிட்ட." இந்தக் கடைசி வரிக்குப் பிறகு வெகு நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில் 1-2 என்று தோற்றார்கள். ஆனால் கோல் விழுந்தது. வலது பக்கத் தற்காப்புப் பையன் மேலே ஏறி வந்து குறுக்கே அடித்த பந்தை முன்னணிப் பையன் உள்ளே தள்ளினான். நான் உடனே அண்ணனை அழைத்துக் கத்தினேன். யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை.

"அவன் அடிக்கும்போது நடுவுல நின்ன டிஃபெண்டர் எங்க போனான்? யாரு இழுத்துக்கிட்டுப் போனா?"

நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் அண்ணனிடம் திரும்பிக் கேட்டேன். அவர் இடது ஓரத்தைக் காட்டினார். அந்தச் சின்னப் பையன் அங்கே குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.