சூரியக் காற்றும் சனிக்கிழமைப் பிற்பகலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"சூரியக் காற்றைப் படித்தால் சிப்காட்டில் வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் உண்டு. கேள்வி நியாயமானதே. என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அங்கும் இதையே கேட்கிறார்கள். ஆயினும் பட்டத்தைக் கம்பெனி வாசலில் காட்டும் கேட் பாஸாக மட்டும் கருதுவதை நான் ஏற்கவில்லை.

தென்பெண்ணையில் வெள்ளம் வரும்போது பாலத்தூணின் முன்பக்கம் நீர் மேடாக எழும்பி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்றுக்குப் பூமியின் காந்தப்புலமே தூண். பூமிக்குச் சுமார் 90,000 கிலோமீட்டர் முன்பாகவே அங்கே ஓர் அதிர்ச்சி அலை நிற்கிறது. 1963-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஐ.எம்.பி.-1 விண்கலம் இதை அளந்து காட்டியது. நாம் அறிந்த காற்றில் அதிர்ச்சி அலை எழ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதவேண்டும். அங்கோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்கள்தாம். அவை மோதிக்கொள்வதே அரிது. மோதலின்றியே அலை எழுகிறது! மின்புலமும் காந்தப்புலமுமே துகள்களைத் தடுத்துச் சூடேற்றுகின்றன. இதைவிடச் சுவையான பாடம் வேறென்ன வேண்டும்?

2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், அந்த அலைக்கும் வெகு முன்னால் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அது ஏவப்பட்டபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதன் காந்தமானி அத்திப்பள்ளியைத் தாண்டினால் வரும் பெங்களூரில் செய்தது. 15 லட்சத்தை 400-ஆல் வகுத்தால் 3,750 வினாடி. கிருஷ்ணகிரி பஸ் ஓசூர் வந்து சேரும் நேரம்! ஏறக்குறைய அவ்வளவுதான் முன்னறிவிப்பு. புயல் வேகமாக வந்தால் அதுவும் குறையும். 1989 மார்ச்சில் காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. மின்சாரம் நின்றால் என்னவாகும் என்று இந்தத் தொழிற்பேட்டைக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆதித்யாவின் அளவீடுகளை இஸ்ரோ 2025 ஜனவரி 6-இல் யாவர்க்கும் வெளியிட்டது. கட்டணமில்லை. அந்த அலைக்குள்ளேயே புகுந்து புறப்பட்டு அளந்த நாசாவின் நான்கு எம்.எம்.எஸ். கலங்களின் பதிவுகளும் அவ்வாறே. காற்றின் வேகம் எகிறிய ஒரு நாளை எடுத்து, ஆதித்யாவில் அது தெரிந்த நேரத்தையும் தரையில் காந்தப்புலம் குலுங்கிய நேரத்தையும் வரைபடத்தாளில் குறிக்கப் பிளஸ் டூ கணிதமே போதும். ஐ.ஐ.டி.க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஏன் ஒதுங்கவேண்டும்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைதோறும் பிற்பகல் இயற்பியல் ஆய்வகத்தைத் திறந்து, இணைய வசதியுள்ள ஒரு கணிப்பொறியைத் தந்தால் போதும். மூன்று மணிக்கு வைத்தால் காலை ஷிப்டு முடித்து வரும் நண்பர்களும் சேர்ந்துகொள்வார்கள்.