பறவை பார்க்க வரும் கூட்டம்: பழவேற்காட்டு விவசாயிக்கு என்ன மிச்சம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடையும் நவரை நடவும் நடக்கும் நாட்களில் பழவேற்காடு சாலையில் கார்கள் அதிகமாகிவிடும். பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்க்கச் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கேமராவோடு கரையில் நின்றுவிட்டு, மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் ஏரியை ஒட்டி நெல் போடும் விவசாயிக்கு இந்தக் கூட்டத்தால் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. சரணாலய எல்லைக்குள் தன் நிலம் இருக்கிறதா, இருந்தால் அது என்ன ஆகும் என்ற கவலைதான் மிஞ்சுகிறது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பரப்பு 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆரணி ஆற்று நன்னீரும் முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் கலந்து, பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாமல் நிற்பதால்தான் இங்கே பறவைக்கு இரை கிடைக்கிறது. ஆந்திரத்தின் நேலபட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும் இரை தேடி இந்த ஏரிக்கு வருகின்றன.

வயலும் சரணாலயம்தான்

பறவைகள் ஏரியோடு நின்றுவிடுவதில்லை. சுற்றியுள்ள பாசன ஏரிகளும் நீர் நிற்கும் நெல் வயல்களும் அவற்றின் மேய்ச்சல் நிலம். நத்தை குத்தி நாரை வயலில் இறங்கினால் நத்தை குறையும். தாழைக்கோழி கூட்டமாக இறங்கினால் பயிர் சேதமாகும் என்பதும் உண்மை. லாபமும் நட்டமும் விவசாயியின் வயலில்தான் நடக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலை நம் விவசாயிகள் பலரும் அறிவார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகிறது என்று கண்ட ஊர்மக்கள், சட்டம் வருவதற்கு வெகு முன்பே பறவைகளைக் காத்தார்கள். 2020-ல் அந்தச் சரணாலயத்தின் 5 கி.மீ. சுற்றளவை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பறவையால் தனக்குப் பலன் உண்டு என்று தெரிந்த ஊர் சரணாலயத்தைச் சுமையாக நினைக்காது. பழவேற்காட்டில் அந்தப் பலன் இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை.

பட்டா நிலத்தின் சிக்கல்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி சரணாலய எல்லைக்குள் இருக்கும் தனியார் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும். பழவேற்காட்டில் அந்த வேலை 40 ஆண்டுகளைக் கடந்தும் முடியாமல் இழுத்தது. அண்மை ஆண்டுகளில்தான் வருவாய்த் துறை அதைக் கையில் எடுத்திருக்கிறது. பட்டா நிலத்தை எல்லையிலிருந்து விலக்கினால் விவசாயிக்கு நிம்மதி என்று ஒரு தரப்பு சொல்கிறது. எல்லை சுருங்கினால் தொழிற்சாலைகள் ஏரிக்கரைக்கே வந்துவிடும் என்று இன்னொரு தரப்பு அஞ்சுகிறது.

இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போகும் மூன்றாவது வழி சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 24-ன்படி ஆட்சியர் நிலத்தை எல்லையிலிருந்து விலக்கலாம் அல்லது கையகப்படுத்தலாம். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, உரிமை தொடர்ந்து நீடிக்கவும் அனுமதிக்கலாம். அதாவது, நிலம் சரணாலயத்துக்குள் இருக்கும். பட்டாவும் பயிரும் விவசாயியிடமே இருக்கும்.

இது ஏன் முக்கியம்? கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களால் இப்பகுதியில் நிலத்துக்குத் தேவை கூடியிருக்கிறது. எல்லையிலிருந்து விலக்கிய நிலம் விளைநிலமாகவே நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்து நிலம் கைமாறி வரத்துக்கால்வாய் அடைபட்டால், விற்காதவர் நிலத்துக்கும் தண்ணீர் வராது.

தண்ணீர் விஷயத்தில் இப்பகுதி ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. ஆரணி - கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவுக்கு மீறி உறிஞ்சியதால், மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் பல கி.மீ. உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. மழைக்காலத்தில் நன்னீரைத் தேக்கும் பாசன ஏரியும் வயலும்தான் அந்த உப்பைத் தள்ளி நிறுத்துகின்றன. வெள்ளம் பரவி நிற்க இடம் கொடுப்பதும் அவையே.

சரணாலயத்தைச் சுற்றி அறிவிக்கப்படும் சூழல் உணர்திறன் மண்டலம் என்றாலே விவசாயத்துக்குத் தடை என்ற பயமும் பரவியிருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2011 வழிகாட்டுதலில், உள்ளூர் மக்கள் ஏற்கெனவே செய்துவரும் விவசாயமும் தோட்டக்கலையும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. மாசு ஏற்படுத்தும் தொழிற்சாலைகளுக்குத்தான் தடை.

வருமானம் வரும் வழி

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை தேவைதான். ஆனால், உயிர்காப்பு உடை, ஆள் கணக்கு, பயிற்சி பெற்ற ஓட்டுநர் என முறையான ஏற்பாடு இருந்தால் ஊருக்கு வரக்கூடிய வருமானமும் அதோடு நின்றுபோனது.

சிலிகா ஏரிக்கரையில் உள்ள மங்களஜோடி கிராமம் வேறு வழி காட்டுகிறது. ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர் அது. இன்று அதே ஊர்க்காரர்கள் துடுப்புப் படகு ஓட்டுகிறார்கள். பறவைகளைக் காட்டி விளக்குகிறார்கள். அறை வாடகையும் சாப்பாடும் ஊர் அமைப்பின் பொறுப்பு. 2018-ல் இந்த முயற்சிக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருது கிடைத்தது. எந்திரம் இல்லாத படகு என்பதால் பறவையும் மிரளுவதில்லை.

பழவேற்காட்டில் மீனவர்களோடு விவசாயிகளும் இதில் சேரலாம். வரப்பு ஓரமாகப் பறவை பார்க்கும் நடை, உழவர் வீட்டுச் சாப்பாடு, அரிசியும் காய்கறியும் நேரடி விற்பனை என மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தொடங்கக்கூடியவை பல. நுழைவுக் கட்டணம் வசூலித்தால், அதில் ஒரு பங்கு வரத்துக்கால்வாய் தூர்வாரவும் பறவையால் பயிர் இழந்தவருக்கு நிவாரணம் தரவும் போக வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம்.

இப்போது செய்ய வேண்டியது

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் புல எண் சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். வருமானால் பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபட நகல்களோடு, 'விவசாய உரிமை தொடர வேண்டும்' என்று ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிரகடனம் வெளியான 2 மாதத்துக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தவறவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அரசுப் பதிவேட்டில் தெரியும் உரிமைகளையும் ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்று பிரிவு 22 சொல்கிறது. வேளாண் உதவி அலுவலர்கள் தங்கள் பகுதி விவசாயிகளுக்கு இதை எடுத்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பூநாரை பார்க்க வருபவர் ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார். கரையில் இருக்கப்போவது உழவரும் மீனவரும்தான். எல்லை எங்கே என்று முடிவாகும்போது அவர்கள் பேச்சும் எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.