குழந்தையின் உறக்கப் பை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: இலண்டனில் வாழும் மைத்துனி குழந்தைக்கு உறக்கப் பையொன்று அனுப்பியிருக்கிறாராம், அதை இரவில் அணிவிக்கலாமா?

சகோதரி, முதலிற் பையினுள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பை எவ்வளவு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பது அதில் ‘டொக்’ என்ற அளவாற் குறிக்கப்பட்டிருக்கும். 2.5 டொக் என்றிருந்தால் அது 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரையுள்ள அறைக்கு உரியது. கொழும்பிலோ இரவிலும் வெப்பம் 25 பாகையை அண்மித்தே நிற்கும். அங்கு அப்பையை அணிவித்தல் தகாது. மெல்லிய பருத்திச் சட்டையே போதும். அளவுமீறிய வெப்பம், உறங்கும் சிசுவின் திடீர் மரணத்துக்கு ஏதுவாகும் காரணங்களுள் ஒன்று. பாட்டிமார் இதனை எளிதில் ஏற்கமாட்டார்கள். குழந்தையின் கை குளிர்ந்திருக்கிறதே என்பார்கள். கையைத் தொட்டு இதனை அறியவியலாது. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஆடையைக் குறையுங்கள்.

நுவரெலியாவில் வாழ்வோருக்குப் பை மெய்யாகவே உதவும். போர்வையைப்போல முகத்தின்மேல் ஏறாது. ஆனால், “வளரும் பிள்ளைதானே” என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கு ஆகாது. கழுத்து அகன்றிருந்தால் தலை உள்ளே நழுவி மூச்சு முட்டும். வயதை விட்டு, குழந்தையின் நிறையையும் உயரத்தையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். தலைமூடியுள்ளதும், பாரம் வைத்துத் தைத்ததும் வேண்டா. கைகள் வெளியே இருக்க அணிவித்து, மேலே எதையும் போர்த்தாமல் மல்லாக்கக் கிடத்துங்கள்.

மைத்துனிக்கு நன்றி எழுதிவிடுங்கள். மலைநாட்டுக்குச் செல்லும் நாள் வரையிற் பை பெட்டியில் இருக்கட்டும். அன்றைக்குக் கழுத்தளவை மறுபடியும் பாருங்கள்.