நிலம் கொடுத்த ராஜா

உத்தரப் பிரதேசத்தில், அன்றைய அலகாபாத் ஜில்லாவில் இருந்தது மாண்டா ஜமீன். அதன் ராஜா 1936-ல் ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். அச்சிறுவன்தான் பிற்காலத்தில் நாட்டை ஆண்ட வி.பி.சிங்.

வினோபா பாவே ஊர் ஊராக நடந்து, ஏழைகளுக்காக நிலம் கேட்டார். 1957-ல் வி.பி.சிங், பஸ்னா கிராமத்தில் இருந்த தம் பண்ணையைத் தானம் செய்தார்.

1989 டிசம்பரில் பிரதம மந்திரி ஆனார். காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது அவர் ஆட்சியில்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, மத்திய அரசு வேலைகளில் பிற்பட்ட வகுப்பாருக்கு 27 சதவீத இடம் என்று அறிவித்தார். வடநாட்டில் பெரும் கிளர்ச்சி மூண்டது. மாணவர்கள் தீக்குளித்தார்கள்.

பிறகு அயோத்தி ரத யாத்திரை தடுக்கப்பட்டது. பாரதீய ஜனதா ஆதரவை விலக்கியது. நவம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது. அவர் ஆண்டது 11 மாதமே!

1992-ல் சுப்ரீம் கோர்ட்டு, 27 சதவீதம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. வசதி படைத்தோருக்கு மட்டும் அது கிடையாது என்றது. 2008-ல் வி.பி.சிங் காலமானார்.

தன் நிலத்தைத் தானம் கொடுத்தால் ஊர் வாழ்த்தும். பதவியில் பிறருக்குப் பங்கு கொடுத்தாலோ ஏச்சுத்தான் மிஞ்சும். அந்த ஏச்சுக்கு அஞ்சாதவரே நல்ல தலைவர்.