விறகுக்கு எந்தக் கத்தி? களப்பணிக்குப் புறப்படும் மாணவர்களுக்கு ஒரு சொல்

பருவமழை ஓய்ந்து களப்பணிக் காலம் தொடங்கும்போதெல்லாம், இமயமலைச் சரிவுகளுக்கும் வடகிழக்கு மலைகளுக்கும் புறப்படும் ஆய்வு மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கூடாரம் அடித்துத் தங்கும் இடத்தில் விறகு வெட்ட எந்தக் கத்தி வாங்கலாம்? கேள்வியுடன் அனுப்பப்படும் படங்களில் இருப்பவை பெரும்பாலும் தடித்த முதுகும் கறுத்த உறையும் கொண்ட வெளிநாட்டுக் கத்திகள். அவற்றின் விலை, மாத உதவித்தொகையில் கணிசமான ஒரு பங்கை விழுங்கிவிடும். என் விடை எளியது: முதலில் ஒரு சிறிய ரம்பம் வாங்குங்கள். கத்தியைச் செல்லும் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். கோடரியை விட்டுவிடுங்கள். இதற்கான காரணங்களுள் பாதி மரத்தின் இயல்பைச் சார்ந்தவை. மீதிப் பாதி, அந்த மரம் யாருக்கு உரியது என்பதைச் சார்ந்தவை.

மரம் நீளவாக்கில் அடுக்கிய நார்களின் கற்றை. நாரின் போக்கில் பிளந்தால் அது எளிதாக இசையும். குறுக்கே வெட்டினால் எதிர்க்கும். அரிவாளாலோ பெரிய கத்தியாலோ ஒரு கிளையைக் குறுக்கே துண்டிக்க வேண்டுமானால், இரு பக்கமும் சாய்வாக வெட்டி ஆப்பு வடிவில் பள்ளம் தோண்ட வேண்டும். மரத்தில் ஒரு பகுதி செதிலாகச் சிதறும்; உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். நாள் முழுவதும் ஏறி இறங்கிய களைப்பில், மாலை மங்கும் நேரத்தில் கை ஓங்கி வெட்டும்போது வாய் வழுக்கினால் அது சென்று நிற்கும் இடம் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு. மருத்துவமனை ஒரு நாள் நடைத்தொலைவில் இருக்கும் முகாமில் அது சிறு காயமாக முடியாது. ரம்பமோ மெல்லிய ஒரு கோட்டளவு மரத்தையே தூளாக்கும். அதன் ஒவ்வோர் இழுப்பும் நம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும். ஆகவே முதல் விதி இது: குறுக்கே ரம்பம், நெடுக்கே கத்தி.

ரம்பத்தில் எதைத் தேர்வது? தள்ளும்போது அறுக்கும் ரம்பம் வளையாமல் இருக்க அதன் தகடு தடிமனாக இருக்க வேண்டும். இழுக்கும்போது அறுக்கும் ரம்பத்தில் தகடு விறைப்பாக நிற்பதால் மெல்லியதாகவே அமையலாம். தகடு மெலிந்தால் அறுக்கும் உழைப்பும் குறையும். மடக்கி வைக்கக்கூடிய, 20 முதல் 25 செ.மீ. நீளமுள்ள இழு ரம்பம் ஒன்று போதும். அறுக்கும் மரத்தின் விட்டத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நீளம் ரம்பத்துக்கு வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. பெரிய பற்கள் ஈரமரத்தில் விரைவாக ஓடும். காய்ந்த கடின மரத்துக்கு நெருங்கிய பற்களே ஏற்றவை. நமக்கு வேண்டியது காய்ந்த மரம் என்பதால் நடுத்தரப் பற்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. விரித்தபின் தகடு அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள். பற்கள் மட்டும் தனியே கடினமாக்கப்பட்ட ரம்பங்களை அரத்தால் தீட்ட இயலாது. அவற்றுக்கு மாற்றுத் தகடு ஒன்றை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசியிலை மரங்களின் பிசின் தகட்டில் படிந்தால் சிறிது மண்ணெண்ணெய் தோய்த்த துணி போதும். இவற்றுக்காக வெளிநாட்டு இணையக் கடைகளுக்கு ஓட வேண்டாம். இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் ஆப்பிள் தோட்டங்களுக்குக் குளிர்காலக் கவாத்து உண்டு. அந்த ஊர்களின் கடைத்தெருக்களில் கவாத்து ரம்பங்கள் எளிதில் கிடைக்கும்.

இனிக் கத்தி. அறுத்த துண்டை நிறுத்திவைத்து, அதன் தலையில் கத்தியைப் பதித்து, கத்தி முதுகில் ஒரு கட்டையால் தட்டிப் பிளப்பதே முகாமில் கத்தியின் முதன்மையான வேலை. மழையில் நனைந்த மரத்துக்குள்ளும் உலர்ந்த நடுப்பகுதி இருக்கக்கூடும். அதை வெளிக்கொணரும் வழி இதுதான். இதற்குத் தேவையானவை மூன்று: கைப்பிடியின் அடிவரை செல்லும் இரும்பு, அடி தாங்கும் முதுகு, அடிக்கடி தீட்டத்தக்க எஃகு. இம்மூன்றும் அமைந்த கருவியை இந்நாட்டின் ஒவ்வொரு மலைப்பகுதியும் முன்னரே உருவாக்கி வைத்திருக்கிறது. இமாசலத்தில் தராட், நேபாளத்தை ஒட்டிய பகுதிகளில் குக்ரி, வடகிழக்கில் தாவ், மகாராஷ்டிரத்தில் கொய்த்தா. நம் கொடுவாளுக்கும் வெட்டரிவாளுக்கும் இவை உறவுமுறை. எடை முன்பக்கம் குவிந்திருப்பதால் கைக்கு வேலை குறைவு. பல ஊர்களில் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டைகளை அடித்தே இவற்றைச் செய்கிறார்கள். ஆற்றங்கரைக் கல்லிலும் இவற்றைத் தீட்டிவிடலாம். கைப்பிடி உடைந்தால் ஊரிலேயே மாற்றித் தருவார்கள். பல்லாயிரம் ரூபாய்க் கத்தியின் வாய் மடிந்தால் அதைச் சரிசெய்ய யாரிடம் போவது?

சட்டத்தின் பார்வையிலும் இதற்கு ஒரு பொருள் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைக்கப்பட்டவற்றை அதிலிருந்து விலக்குகின்றன. போர்வீரர் படத்தை விளம்பரமாகக் கொண்ட கத்தியைவிட, உழவரின் கருவியை விளக்கிச் சொல்வது சோதனைச் சாவடியில் எளிது.

இதுவரை சொன்னவை எப்படி வெட்டுவது என்பதைப் பற்றியவை. எதை வெட்டுவது என்பதே இவற்றுக்கு முந்தைய கேள்வி. முற்ற உலர்ந்த மரத்தின் ஒரு கிலோ ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் தரும். எடையில் பாதி நீராக உள்ள பச்சை மரத்தின் ஒரு கிலோவிலிருந்து கிடைப்பது சுமார் 8 மெகாஜூல் மட்டுமே. மீதி எடை நீர், அந்த நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. ஆகவே பச்சைக் கிளையை வெட்டுபவர் காட்டையும் இழக்கிறார், நெருப்பையும் இழக்கிறார். நின்றபடியே பட்டுப்போன பெரிய மரத்தையும் தொடக்கூடாது. மரங்கொத்தி அதில் பொந்து குடையும், பின்னர் வேறு பல பறவைகள் அப்பொந்தில் குடியேறும். விழுந்து மட்கும் பெருமரமோ பூஞ்சைக்கும் வண்டுக்கும் வீடு. எஞ்சுவது தரையில் கிடக்கும், மணிக்கட்டு அளவு தடிமனுள்ள, முறித்தால் படீரென ஒடியும் உலர்ந்த கிளை. 15 செ.மீ. விட்டமுள்ள கட்டையின் வெட்டுப்பரப்பு 5 செ.மீ. கிளையைப் போல் ஒன்பது மடங்கு. சிறிய ரம்பம் அந்தக் கட்டையை எதிர்கொள்ளும்போது கை தானாகவே சலித்துவிடும். அந்தச் சலிப்பு காட்டுக்கு நல்லது. கருவியின் நீளமே நம் தேவைக்கு வரம்பாகிறது. கோடரி அந்த வரம்பை நீக்கிவிடுகிறது. அதை எடுத்துச் செல்ல வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பன்னிரண்டு பேர் ஒரு மாதம் தங்கும் முகாமுக்குச் சுள்ளி போதுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போதாது. அத்தகைய முகாமின் சமையல் விறகை நம்பியிருக்கவே கூடாது என்பதே அதன் பொருள். 3,500 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 88 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும்; திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகப் பல மணி நேரம் எரிக்க வேண்டியிருக்கும். அங்கே எந்தக் கத்தியையும்விட விறகை மிச்சப்படுத்தும் கருவி பிரஷர் குக்கர். எரிவாயு அடுப்பும் குக்கரும் சமையலுக்கு. தரமான உறக்கப்பையும் கம்பளி உடையும் குளிருக்கு. மழையில் நனைந்தவரை உலர்த்தவும், அடுப்பு பழுதான நாளில் தேநீர் வைக்கவும் சிறு நெருப்பு. ரம்பமும் கத்தியும் இந்த மூன்றாவது தேவைக்கு மட்டுமே.

இனி, அந்த மரம் யாருடையது? சிப்கோ இயக்கத்தை மேற்கோள் காட்டாத இமயமலை ஆய்வேடுகள் அரிது. ரேணி கிராமத்தில் 1974இல் கௌரா தேவியும் பிற பெண்களும் மரங்களைக் காத்து நின்றது பலருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு கோபேசுவரத்தில் தொடங்கிய பூசல் ஒரு கருவியைப் பற்றியது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. உழவுக்கருவிகள் செய்ய ஊரார் கேட்ட அங்கு மரத்தை வனத்துறை மறுத்தது. அதே மரத்தை விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. அவ்வரலாற்றை முதல் இயலில் எழுதிவிட்டு, களத்தில் ஊராரின் பாஞ்ச் ஓக் மரக்கிளைகளை எரிப்பது பொருந்துமா? நடைபாதைக்கு அருகே கிடக்கும் சுள்ளி நமக்கு யாருக்கும் உரிமையற்றதாகத் தோன்றும். உண்மையில், அது அந்த ஊர்ப் பெண்கள் நாளையோ மறுநாளோ தலைச்சுமையாகக் கொண்டுபோகவிருப்பது. அருகிலுள்ளதை நாம் எடுத்தால் அவர்கள் இன்னும் தொலைவுக்கு நடக்க வேண்டும்.

உத்தராகண்டில் 1931 முதல் சட்ட வடிவம் பெற்ற வன பஞ்சாயத்துகள் உள்ளன. அவற்றின் காடுகளில் விறகு எடுப்பதற்குமுன் அவற்றைக் கேட்க வேண்டும். காப்புக்காடுகளில் மரம் வெட்டுவதையும் கிளை கழிப்பதையும் நெருப்பு மூட்டுவதையும் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. மாதிரி சேகரிக்கப் பெற்ற ஆய்வு அனுமதியை விறகு எடுப்பதற்கான அனுமதி என்று கருதிவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல முகாம்களில் ஆய்வாளர் விறகு வெட்டுவதே இல்லை. கூலிக்கு வந்த உள்ளூர் உதவியாளர் வெட்டுகிறார், தம் சொந்தக் கருவியால், தம் சொந்தக் காலைப் பணயம் வைத்து. நான் பார்த்த கருவிப் பட்டியல்களில் இருநோக்கியும் இடங்காட்டியும் மின்கலமும் தனித்தனி வரிகளில் இருக்கும். விறகு ‘இதர செலவுகள்’ என்ற சொல்லுக்குள் மறைந்துகிடக்கும். ஆய்வுமுறை இயலில் அது எங்கும் தென்படாது. காட்டின் உயிர்த்திரளை அளக்கச் சென்றவர்கள், அதில் தாங்கள் எரித்த பங்கை எழுதாமல் விடுவது முறையியலிலும் ஒரு குறை.

ஆகவே துறைகளிடம் நாம் கேட்க வேண்டியவை சில. முகாமின் எரிபொருள் திட்டம் ஆய்வு முன்மொழிவிலேயே எழுதப்பட வேண்டும். எரிவாயு, குக்கர், இரண்டு மடக்கு ரம்பம், தடித்த கையுறை, குருதிக்கசிவை நிறுத்தும் கட்டுத்துணி ஆகியவற்றைத் துறையே வாங்கித் தர வேண்டும். புறப்படுமுன் அரைநாள் பயிற்சி வேண்டும். உள்ளூர் உதவியாளரே அதற்குச் சிறந்த ஆசிரியர், அதற்குரிய ஊதியத்துடன். காப்பீடு அவருக்கும் இருக்க வேண்டும். எரித்த விறகின் எடையைக் களக்குறிப்பேட்டில் நாள்தோறும் பதிய வேண்டும்; ஒரு தொங்கு தராசு போதும், ஐந்து நிமிட வேலை.

தனியாகப் புறப்படும் மாணவர் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரம்பத்தை வாங்குங்கள். கத்தியை ஊர்க் கொல்லரிடம் வாங்குங்கள். வாங்கும்போதே எந்த மரம் எரிக்கத் தக்கது, எது தொடக்கூடாதது என்றும் அவரிடம் கேளுங்கள். மழை மிகுந்த வடகிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பணியாற்றும் நண்பர்கள் வேறுபடக்கூடும். உங்கள் முகாம்களில் எது பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்பதை இங்கே எழுதுங்கள். அடுத்த வாரம் புறப்படும் முதலாண்டு மாணவர்களுக்கு அது உதவும்.