யார் சொல்ல வேண்டும்?

'கல்ச்சுரல் சேஃப்டி' என்பதைப் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். பண்பாட்டுக்கு வேலி கட்டும் முயற்சி என்றே நம் காதில் விழும். அது குறிப்பதோ, தன் இனம் காரணமாகச் சிறுமைப்படாமல் ஒருவர் மருத்துவம் பெறும் நிலையை.

2024 அக்டோபரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தகுதி பெற்ற குடும்ப மருத்துவர்களுக்கு விரைவுப் பதிவு முறையைத் தொடங்கியது. பின்னர் வேறு சில துறை வல்லுநர்களுக்கும் அதை விரித்தது. இவ்வழியில் வருவோர் ஆறு மாதம் மேற்பார்வையில் பணியாற்றுவதோடு இப்பயிற்சியையும் முடித்தாக வேண்டும். அனுபவம் முதிர்ந்த வல்லுநருக்கு நன்னடத்தை வகுப்பா என்று கேட்போருக்கு ஒரு மரணத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

நவோமி வில்லியம்ஸ், 27 வயதான விராஜுரி இனப் பூர்வகுடிப் பெண், கருவுற்றிருந்தார். 2016 ஜனவரி முதல் நாள், நியூ சவுத் வேல்ஸின் டூமட் நகர மருத்துவமனை பாரசிட்டமால் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. அன்றே குருதி நச்சேற்றத்தால் இறந்தார். முந்தைய மாதங்களில் பலமுறை வந்தும் அவர் உரிய வல்லுநரிடம் அனுப்பப்படவில்லை. 2019இல் வெளியான மரண விசாரணை அறிக்கை, பூர்வகுடி நோயாளிகள் மீது மருத்துவமனைகளில் உறைந்திருக்கும் முன்முடிவைப் பற்றியும் பேசியது. அங்கே குறைந்தது மருத்துவ அறிவு மட்டும்தான் என்று என்னால் நம்ப இயலவில்லை.

ஆகவே கட்டாயம் சரியே. என் ஐயம் பயிற்சியின் வடிவத்தைப் பற்றியது. இக்கருத்தை 1980களின் இறுதியில் வகுத்தவர் நியூசிலாந்தின் மவோரி செவிலி இரிஹபெட்டி ராம்ஸ்டன். 1992இல் அது அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் இடம்பெற்றபோது பத்திரிகைகள் கொதித்தன. மவோரிச் சடங்குகளை மனப்பாடம் செய்யுமாறு அவர் எவரையும் கேட்கவில்லை. தன் அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் செவிலி முதலில் ஆராயட்டும் என்றார். கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று சொல்லும் உரிமையைப் பெறுபவரிடம் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் வரையறையும் அதைப் பூர்வகுடியினரே தீர்மானிப்பர் என்கிறது. அப்படியிருக்க, கணினித் திரையில் சில மணிநேரம் பாடம் கேட்டு, சரியான விடைகளைச் சொடுக்கிச் சான்றிதழ் பெறுவதில் அவர்களின் குரல் எங்கே?

நம்மவர்க்கும் இதில் பங்குண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் படித்துச் சென்ற மருத்துவர்கள் பலர், மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஊர்ப்புறங்களிலேயே பணி தொடங்குகின்றனர். நாமும் வெள்ளையரால் ஆளப்பட்டவர்கள்தாமே, நமக்கு எதற்கு இந்தப் பாடம் என்று தோன்றலாம். எளிய மனிதர்களை ஒருமையில் விளித்துப் பழகிய மருத்துவ உலகிலிருந்துதான் நாம் செல்கிறோம் என்பதை மறக்காதவரை அது தோன்றாது.

அந்த ஆறு மாத மேற்பார்வையில் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் அமரட்டும். மருத்துவர் தேறினாரா என்பதில் அவருக்கும் நோயாளிகளுக்கும் ஒரு சொல் இருக்கட்டும்.