கத்தரிக்கோல் யார் கையில்?

“இணையத்தில் விஷம் பரவுகிறது, வெட்டுங்கள், நீக்குங்கள், முடக்குங்கள்!” என்று ஒரு கூப்பாடு கிளம்பியிருக்கிறது. கூப்பாடு போடுவோர் சர்க்காரும் கம்பெனி முதலாளிகளும். மக்கள் எதைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தமக்கே வேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமை கிடையாது.

இந்தக் கத்தரிக்கோலை நாம் நன்கறிவோம். ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை மதராஸ் ராஜ்யத்துக்குள் வரக்கூடாதென்று சர்க்கார் தடை போட்டது. 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அத்தடை செல்லாதென்றது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தில் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லை நுழைத்து, தடைக்குப் புதுவாசல் திறந்துவிட்டார்கள்!

வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லையா? உண்டு. சரக்கின்மேல் லேபிள் ஒட்டுங்கள். சல்லடையை வாசகனிடம் கொடுங்கள். 1996லேயே ‘பிக்ஸ்’ என்ற முறை வகுக்கப்பட்டது. எழுதியவரும் லேபிள் ஒட்டலாம், பிறரும் ஒட்டலாம். எதை ஏற்பதென்று முடிவு செய்பவர் படிப்பவரே. 2024 மார்ச் முதல் ‘புளூஸ்கை’யில் யாரும் லேபிள் சேவை நடத்தலாம். பயனாளர் விரும்பினால் மறைக்கலாம், எச்சரிக்கையோடு பார்க்கலாம், பொருட்படுத்தாமலும் விடலாம்.

“பாமரனுக்கு இதெல்லாம் புரியாது” என்கிறார்கள் மேதாவிகள். ‘ஏ’ சர்ட்டிபிகேட் என்றால் என்னவென்று சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும் எந்தத் தொழிலாளிக்குத் தெரியாது? புரியாதவர்கள் நம் தணிக்கைக்காரர்கள்தான்! ‘ஏ’ முத்திரையும் குத்துகிறார்கள், படத்தையும் வெட்டுகிறார்கள்.

ஆனால் லேபிளே சர்வரோக நிவாரணி என்று நாம் ஏமாறத் தயாரில்லை. ஒரு சேரியைக் கொளுத்தச் சொல்லும் அழைப்பை நாம் மறைத்துக்கொண்டால், நம் கண்ணுக்குத்தான் நிம்மதி. கொளுத்த வருபவன் அதைப் படித்துக்கொண்டுதானிருப்பான். அதை நீக்கத்தான் வேண்டும். சட்டப்படி, காரணத்தை எழுதிக் கொடுத்து நீக்க வேண்டும்.

லேபிளை எழுதுவது யார் என்பது அடுத்த கேள்வி. வேலைநிறுத்தச் செய்திக்கு ‘வன்முறை’ என்று முதலாளி லேபிள் ஒட்டி, சல்லடையையும் முன்கூட்டியே இறுக்கி வைத்தால் அதுவும் தணிக்கையே! புளூஸ்கையிலும் கம்பெனியின் சொந்தத் தணிக்கையை எவரும் விலக்கிவிட முடியாது.

லேபிள் தானாக ஒட்டிக்கொள்வதுமில்லை. கொடூரக் காட்சிகளை நாள் முழுதும் பார்த்து மனம் நொந்த அமெரிக்க ஊழியர்கள் வழக்காடினர். 2020ல் பேஸ்புக் கம்பெனி 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அந்த உழைப்பாளிகளை மறந்துவிட்டுப் பேசும் சுதந்திரம் யாருடைய சுதந்திரம்?

ஆகவே நாம் கோருகிறோம்: லேபிள் ஒட்டியவர் பெயரும் காரணமும் தெரிய வேண்டும். அதை எதிர்த்து முறையிட உரிமை வேண்டும். சல்லடையின் பிடி பயனாளர் கையில் இருக்க வேண்டும். தரம் பிரிக்கும் ஊழியருக்கு நியாயமான கூலியும் வைத்திய உதவியும் வேண்டும்.

மக்களுக்குக் கண் இருக்கிறது. கண்ணைக் கட்டும் வேலையை விட்டு விளக்கைக் கொடுங்கள்!